சேர்ஹோல் மாவு மில்: தண்ணீர்ச் சக்கரம் ஓடும் நாளில் போய்ப் பார்ப்பது எப்படி

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக்குள்ளேயே, ஹால் கிரீன் பகுதியில், கோல் என்ற சின்ன ஆற்றை ஒட்டி, தண்ணீர் விசையில் ஓடும் ஒரு பழைய மாவு மில் இருக்கிறது. பெயர் சேர்ஹோல் மில். 1542-லேயே அந்த இடத்தில் ஒரு மில் இருந்திருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் செங்கல் கட்டிடம் 1771-இல் எழுப்பியது. ஒரு காலத்தில் பர்மிங்காமைச் சுற்றி இப்படி ஏராளமான மில்கள் ஓடின. இன்று ஓடும் நிலையில் மிஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு, அதில் இது ஒன்று.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் லண்டனைச் சுற்றிக் காட்டிவிட்டு, திவிடேல் பாலாஜி கோவிலுக்கும் அழைத்துப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கோவிலுக்காக பர்மிங்காம் வரை வருகிறீர்கள் என்றால் இன்னொரு அரை நாள் ஒதுக்கி இந்த மில்லையும் பாருங்கள். வாய்க்கால், மதகு, களத்துமேடு எல்லாம் பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்கு இங்கே யாரும் எதையும் விளக்கவே வேண்டியதில்லை, அவர்கள்தான் பேரப்பிள்ளைகளுக்கு விளக்குவார்கள். அரண்மனையிலும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் இது நடக்காது.

ஆனால் வருகிறவர்களில் பலர் குளத்தையும் புகைபோக்கியையும் போட்டோ எடுத்துவிட்டு, ஒரு கேக் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இது ஒரு அழகான பழைய கட்டிடம், அவ்வளவுதான். இதைச் சரியாகப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்து கல்லைச் சுற்றுகிறது என்று கீழிருந்து மேலே ஒரு தடவை போக வேண்டும். அப்புறம் கோதுமை எப்படி மாவாகிறது என்று மேலிருந்து கீழே ஒரு தடவை வர வேண்டும். இரண்டு பாதையும் சந்திக்கும் இடம் கல். இந்த ஒழுங்கில் பார்த்தால் பத்து வயதுக் குழந்தைக்கும் மொத்த மில்லும் புரிந்துவிடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். மில் திறந்திருக்கும் நாள் வேறு, மில் ஓடும் நாள் வேறு. திறந்திருக்கும் எல்லா நாளும் சக்கரம் சுற்றும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த மில்லை நடத்துவது பர்மிங்காம் மியூசியம்ஸ் டிரஸ்ட். திறக்கும் நாள், நேரம், டிக்கெட் விலை எல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் அவர்களுடைய இணையதளத்தில் அந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல் ஒரு போனோ மின்னஞ்சலோ போடுங்கள். "சனிக்கிழமை திறந்திருக்குமா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், அது போதாது. "அன்றைக்குச் சக்கரம் ஓடுமா, எத்தனை மணிக்கு, கோதுமை அரைப்பீர்களா?" என்று கேளுங்கள். சக்கரத்தை மட்டும் சும்மா சுற்றிக் காட்டுவதற்கும் உண்மையில் தானியம் போட்டு அரைப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. மாவு வாசனை இரண்டாவதில்தான் வரும்.

தேதியில் கொஞ்சம் வளைந்து கொடுக்க முடியும் என்றால் மே மாதம் இரண்டாவது வார இறுதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் முழுக்க அந்த இரண்டு நாளும் தேசிய மில்கள் வார இறுதி. வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் சின்னச் சின்ன மில்கள்கூட அப்போது திறக்கும். செப்டம்பரில் பாரம்பரியக் கட்டிடங்களைத் திறந்து காட்டும் நாட்களும் வரும், அதிலும் பல மில்கள் சேரும்.

மழையே இல்லாத நீண்ட கோடைக்குப் பிறகு போகிறீர்கள் என்றால் இன்னும் கவனமாகக் கேட்டுவிட்டுப் போங்கள். இது மின்சாரத்தில் ஓடும் மில் இல்லை, குளத்தில் தேங்கிய தண்ணீரில் ஓடுவது. மதகைத் திறந்தால் குளம் இறங்கும், இறங்கிய குளம் திரும்ப நிரம்ப நேரம் எடுக்கும். அதனால் அரைப்பு தொடங்கும் நேரம் பதினொன்று என்று சொன்னால் பத்தரைக்கே அங்கே இருங்கள். "மதியம் வரை ஓட்டுவார்கள், மெதுவாகப் போகலாம்" என்ற கணக்கு இங்கே சரிவராது.

போய்ச் சேர்வது

ரயிலில் வருகிறவர்கள் பர்மிங்காம் மூர் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஸ்ட்ராட்ஃபர்ட் போகும் தடத்தில் ஏறி ஹால் கிரீன் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து கோல் பேங்க் ரோடு வழியாக நடக்கிற தூரம்தான், வழி முழுக்க சாதாரண வீட்டுத் தெருக்கள். காரில் வரலாம், ஆனால் நிறுத்தும் இடம் குறைவு. அரைக்கும் நாளில் சீக்கிரம் வந்தால்தான் கிடைக்கும்.

நடக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி. நேரே மில்லுக்குப் போகாமல் முதலில் மோஸ்லி பாக் என்ற சதுப்புக் காட்டுக்குப் போங்கள். மில்லிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. வெறும் மரமும் சேறும் என்று தோன்றும், ஆனால் மில்லின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. கோல்ட்பாத் புரூக் என்ற ஓடை இதன் வழியாக ஓடி மில் பக்கம் போகிறது, ஒரு காலத்தில் இந்த இடமே மில்லுக்கான கூடுதல் நீர்த்தேக்கம். மேலே ஒரு குளத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்து, கீழே இருக்கும் குளம் வற்றும்போது திறந்துவிடுவது, நம் ஊர் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் கொடுப்பதே இந்த முறைதான். அந்தத் தேக்கம் பயன்பாட்டிலிருந்து போனபின் மரம் முளைத்துச் சதுப்பாகிவிட்டது. 1980களில் இதன் ஒரு பகுதியில் வீடு கட்டத் திட்டம் போட்டபோது சுற்றியிருந்த மக்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். இப்போது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி, நடக்க மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். வெண்கலக் காலத்தில் மனிதர்கள் கல்லை நெருப்பில் காய்ச்சிப் பயன்படுத்திவிட்டுக் குவித்த மேடுகளும் இங்கே உண்டு, ஆனால் யாராவது சுட்டிக் காட்டாவிட்டால் கண்ணில் படாது. மழைக்குப் பிறகு சேறு அதிகம், அதற்கேற்ற ஷூ போடுங்கள்.

தண்ணீரின் வழி

மில்லுக்கு வந்ததும் உள்ளே போகும் அவசரம் வேண்டாம். முதலில் குளத்தைப் பாருங்கள். குளத்தின் நீர்மட்டமும் கட்டிடத்துக்குப் பின்னால் கீழே ஓடும் தண்ணீரின் மட்டமும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அந்த உயர வித்தியாசம்தான் இந்த மில்லின் எரிபொருள், வேறு எதுவும் கிடையாது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது விழுவதற்கு உயரம் இல்லையென்றால் பெரிதாகப் பயனில்லை.

அப்புறம் மதகு. பலகையை மேலே தூக்கினால் தண்ணீர் சக்கரத்துக்குப் பாயும், இறக்கினால் நிற்கும். மில் ஓட்டுகிறவர் உள்ளே இருந்தபடியே இதை ஏற்றி இறக்கி வேகத்தை வைத்துக்கொள்வார். மதகு திறக்கும் நேரத்தில் சக்கரம் தெரியும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள், அந்த முதல் ஒரு நிமிடத்தைத் தவறவிடக் கூடாது. சக்கரம் உடனே சுற்றாது. தண்ணீர் தட்டுகளில் நிரம்ப நிரம்ப லேசாக அசையும், அசைந்த பிறகு கனமாக, மெதுவாகப் புரளும், அப்புறம்தான் ஒரே சீராக ஓடும். இங்கே இரண்டு சக்கரம் இருக்கிறது, எது ஓடப்போகிறது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர் மில்லுக்குப் போனாலும் தண்ணீர் சக்கரத்தை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். அடியில் ஓடித் தள்ளும் சக்கரம் ஒரு வகை, நடுமட்டத்தில் விழுவது ஒரு வகை, உச்சியில் விழுவது இன்னொரு வகை. ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் சின்ன மாதிரிச் சக்கரங்களை வைத்து இதை அளந்து பார்த்து 1759-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் அறிக்கை கொடுத்தார். அடியில் தள்ளும் சக்கரத்தைவிட உச்சியில் விழும் சக்கரம் அதே தண்ணீரில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று காட்டியது அந்த அறிக்கை. ஓட்டத்தின் வேகம் தள்ளுவதைவிடத் தண்ணீரின் எடை இழுப்பது நல்லது என்பதுதான் அதன் சாரம். அந்தக் கழகம் தரும் காப்ளி பதக்கமும் அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது.

சரியாக அதே காலத்தில் இந்த சேர்ஹோல் மில்லைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தவர் மாத்யூ போல்ட்டன் என்ற பர்மிங்காம் தொழிலதிபர். 1750களின் பிற்பகுதியில் அவர் இங்கே மாவு அரைக்கவில்லை, உலோகத்தைத் தகடாக உருட்டினார், பட்டன் செய்வதற்காக. அப்புறம் ஹேண்ட்ஸ்வொர்த் பக்கம் சோஹோ தொழிற்சாலையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கேயும் தண்ணீர்ச் சக்கரம்தான், அங்கேயும் கோடையில் தண்ணீர் தட்டுப்பாடுதான். அந்தத் தட்டுப்பாடுதான் அவரை நீராவி பக்கம் திருப்பியது, 1775-இல் நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்தார், அதன் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். நீங்கள் குளத்தங்கரையில் நின்று "தண்ணீர் இறங்குகிறதே, எவ்வளவு நேரம் ஓடும்?" என்று யோசிக்கிறீர்களே, அதே கவலையிலிருந்துதான் நீராவி யுகம் கிளம்பியது. இந்த மில்லுக்கே 1850களில் ஒரு நீராவி இயந்திரம் வந்து சேர்ந்தது. முற்றத்தில் நிற்கும் உயரமான புகைபோக்கி அதற்காகக் கட்டியது. தண்ணீர் மில்லுக்கு எதற்குப் புகைபோக்கி என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள், இந்தப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உள்ளே வாருங்கள். சக்கரத்தின் கனமான இருசு சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. அதன் நுனியில் குழிக்குள் நிற்கும் ஒரு பெரிய பல்சக்கரம், அது படுக்கை வசத்தில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றும், அதிலிருந்து நடுவே ஒரு செங்குத்துத் தண்டு மேலே போகும், அந்தத் தண்டில் இன்னொரு பெரிய பல்சக்கரம், அது கல்லைச் சுற்றும் குட்டிப் பல்சக்கரங்களை ஓட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் ஏறுகிறது. இப்படிப்பட்ட மில்களில் வெளியே இருக்கும் சக்கரம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்று சுற்றினாலே அதிகம், கல் நூறு சுற்றை ஒட்டி ஓடும். வெளிச்சக்கரத்தைப் பார்த்து எண்ணிவிட்டு உள்ளே வந்து கல்லின் வேகத்தைப் பாருங்கள், இடையில் இருக்கும் பற்கள் என்ன செய்கின்றன என்று தானாகப் புரியும்.

பற்களை உற்றுப் பாருங்கள். பழைய மில்களில் இரும்புப் பல் வைத்த சக்கரமும் மரப்பல் செருகிய சக்கரமும் ஜோடி சேரும். இரும்போடு இரும்பு மோதினால் சத்தம் தாங்காது, பொறியும் பறக்கலாம், மாவுத் தூசி மிதக்கும் இடத்தில் பொறி பறந்தால் கட்டிடமே எரிந்துபோகும். மரப்பல் உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். இதற்கு ஆப்பிள் மரம், ஹார்ன்பீம் மரம் போன்ற இறுகிய மரங்களைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

தானியத்தின் வழி

இனி மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள். படிகள் செங்குத்தானவை, குறுகலானவை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கீழ்த்தளத்திலும் முற்றத்திலும் அவர்களுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது, கடைசியில் மாவு வந்து விழுவதும் கீழேதான்.

எல்லா மாவு மில்லிலும் தானியம் முதலில் உச்சிக்குப் போகும். அதற்கும் தண்ணீர் விசையே உதவும்: சங்கிலியில் மூட்டையைக் கட்டி இழுத்தால், தரையில் இருக்கும் இரட்டைக் கதவுகளை மூட்டையே முட்டித் திறந்துகொண்டு மேலே போகும், போனதும் கதவுகள் தாமாக விழுந்து மூடும். ஆள் தவறி விழாமல் இருக்க எவ்வளவு எளிமையான ஏற்பாடு! அதை இயக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

மேலே கொட்டிய கோதுமை கீழே கல்தளத்தில் இருக்கும் மரத்தொட்டிக்கு இறங்கும், தொட்டியிலிருந்து சரிவான ஒரு மரத்தட்டு வழியாகக் கல்லின் கண்ணில் விழும். இங்கே நின்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டக டக டக என்று விடாமல் ஒரு தட்டும் சத்தம் வரும். கல்லோடு சேர்ந்து சுற்றும் ஒரு தண்டு அந்த மரத்தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, தட்டுவதால் தானியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. கல் வேகமாகச் சுற்றினால் வேகமாகத் தட்டும், அதிகத் தானியம் விழும், மெதுவானால் குறைவாக விழும். யாரும் பக்கத்தில் நின்று பார்க்காமலேயே வேகத்துக்குத் தக்க தீனி. எனக்கு இந்த மொத்தக் கட்டிடத்திலும் மிகவும் பிடித்தது இந்தச் சின்ன மரத்தட்டுதான். மின்சாரமும் சென்சாரும் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னால் யாரோ ஒரு தச்சர் இதை யோசித்திருக்கிறார், அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பல மில்களில் ஒரு மணியும் கட்டியிருப்பார்கள். தொட்டியில் தானியம் இருக்கும்வரை அதன் எடை ஒரு பட்டையை அழுத்திப் பிடித்திருக்கும், தானியம் தீரப்போனால் பட்டை தளர்ந்து மணி அடிக்கும். தானியம் இல்லாமல் கல்லோடு கல் உரசுவது மிக ஆபத்து. கல் பாழாகும், பொறியும் பறக்கும்.

கல்லுக்கு வருவோம். அடிப்படையில் இது நம் வீட்டுத் திருகைதான்: அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுக்கண்ணில் தானியம், ஓரத்தில் மாவு. வேறுபாடு அளவிலும் துல்லியத்திலும். மில் கல் சாதாரணமாக நான்கு அடி விட்டம் இருக்கும், மேல்கல் மட்டுமே டன் கணக்கை நெருங்கும், ஆனாலும் அடிக்கல்லை அது தொடவே கூடாது. நடுவில் கொஞ்சம் அகலமாகவும் ஓரத்துக்கு வர வர காகித அளவுக்கும் இடைவெளி விட்டு அதை நிறுத்தியிருப்பார்கள். அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். மில்காரர் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு அதைத் திருகுவார். சூடாக வந்தால் ஒரு அர்த்தம், நறநறவென்று வந்தால் இன்னொரு அர்த்தம். "நானும் தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

காட்சிக்கு வைத்திருக்கும் தனிக்கல் கண்ணில் பட்டால் அதன் முகத்தைப் பாருங்கள். வாய்க்கால் வெட்டியது மாதிரி பள்ளங்கள் நடுவிலிருந்து ஓரம் வரை ஓடும். இரண்டு கல்லின் பள்ளங்களும் ஒன்றை ஒன்று கத்தரிபோல் வெட்டிக் கடக்கும்படி கொத்தியிருப்பார்கள், தானியத்தைப் பிளப்பதும் மாவை வெளியே தள்ளுவதும் காற்று போக விடுவதும் இந்தப் பள்ளங்கள்தான். தேய்ந்துபோனால் மேல்கல்லைப் புரட்டிப் போட்டு மறுபடி கொத்த வேண்டும், ஆள் மணிக்கணக்கில் உட்கார்ந்து உளியால் கொத்தும் வேலை. கல்லின் வகையையும் விசாரியுங்கள். நல்ல வெள்ளை மாவுக்கு பிரெஞ்சுக் கல் என்று ஒரு மரபு உண்டு. பாரிசுக்குக் கிழக்கே லா ஃபெர்த்தே சூ ஜுவார் என்ற ஊரில் வெட்டிய கெட்டியான கல்லைத் துண்டு துண்டாகச் சேர்த்து, பிளாஸ்டர் வைத்து ஒட்டி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். டெர்பிஷயர் மலைக்கல் ஒரே துண்டாக இருக்கும், அதை அதிகமும் கால்நடைத் தீவனம் அரைக்க வைத்துக்கொண்டார்கள். ஒட்டுத் தெரிகிறதா இல்லையா என்று பார்த்தே நீங்கள் வகையைச் சொல்லிவிடலாம்.

கடைசியாகக் கீழே இறங்கி, மரக்குழாய் வழியாக மாவு வந்து விழும் இடத்தில் நில்லுங்கள். இளஞ்சூடாக, தவிடும் முளையும் சேர்ந்து, கொஞ்சம் இனிப்பான வாசனையோடு வரும்.

டோல்கீன் ரசிகர்களுக்கு

இந்த மில் உலகப் புகழ் பெற்றது ஒரு சிறுவனால். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீன்தான் அவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1896-இல் அப்பா இறந்த பிறகு, அம்மாவும் தம்பியும் அவரும் இந்த மில்லுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டில் குடியேறினார்கள். அப்போது அவருக்கு நான்கு வயது. 1900 வரை இங்கேதான் இருந்தார்கள். அன்று இது நகரம் இல்லை, வூஸ்டர்ஷயர் கிராமம், 1911-இல்தான் பர்மிங்காமோடு சேர்ந்தது. அண்ணனும் தம்பியும் மில்லைச் சுற்றியே விளையாடியிருக்கிறார்கள், தூசியில் வெள்ளையாக நின்று விரட்டிய மில்காரரின் மகனுக்கு "வெள்ளைப் பூதம்" என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்த வெள்ளை கோதுமை மாவு மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் இங்கே உரத்துக்காக எலும்பும் அரைத்தார்கள். அவர் பின்னால் எழுதிய கதைகளின் கிராமப்புறத்துக்கு இந்த இடம் ஒரு வேர், மோஸ்லி பாக் இன்னொன்று.

1919-இல் மில் நின்றுபோய், கூரை ஒழுகி, இடிக்கும் நிலைக்கு வந்தபோது சுற்றியிருந்த மக்கள் திரண்டு நிதி திரட்டினார்கள். டோல்கீனும் பணம் கொடுத்தார். 1969-இல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. உள்ளே அவரைப் பற்றிய பகுதி உண்டு, ரசிகர்களுக்கு அது திருப்தியாகவே இருக்கும். நான் சொல்வது ஒன்றுதான்: அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் மில் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போனால், ஒரு நான்கு வயதுக் குழந்தையை இந்தச் சத்தமும் இந்தத் தண்ணீரும் ஏன் வாழ்நாள் முழுக்க விடவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர் குடியிருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் வாழ்கிறது, அதனால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும் போட்டோ எடுப்பதும் வேண்டாம்.

உடை, பாதுகாப்பு, கேள்விகள்

புடவைத் தலைப்பு, துப்பட்டா, நீளமான ஸ்கார்ஃப், அவிழ்த்துவிட்ட கூந்தல், இவற்றைக் கட்டாயம் செருகிக் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள். தடுப்புக் கம்பி இருந்தாலும் சுற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் துணி கூடாது. குழந்தையின் கையை விடாதீர்கள், செல்ஃபி எடுக்கத் தடுப்புக்கு மேலே குனியாதீர்கள். கருப்பு ஜாக்கெட் வேண்டாம், வெளியே வரும்போது பொடி படிந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அரைக்கும் நேரத்தில் கல்தளத்தில் அதிக நேரம் நிற்காமல், இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். குளிர்காலத்தில் உள்ளே வெப்பமூட்டி எதிர்பார்க்க வேண்டாம், பக்கத்திலேயே தண்ணீர் ஓடுவதால் வெளியைவிட அதிகமாகக் குளிர்வது மாதிரி இருக்கும்.

போட்டோவுக்கு வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் போட்டால் மிதக்கும் தூசி மட்டும்தான் பளிச்சென்று விழும். அதற்குப் பதில் ஒரே இடத்தில் நின்று ஒரு நிமிட வீடியோ எடுங்கள், சத்தத்தோடு.

இங்கே மில்லைச் சுற்றிக் காட்டி விளக்குபவர்களில் தன்னார்வலர்களும் உண்டு. அவர்களிடம் பேசத் தயங்காதீர்கள், ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. கல்லைக் கடைசியாக எப்போது கொத்தினீர்கள், மரப்பல் உடைந்தால் யார் செய்து தருகிறார்கள், இந்தக் கோதுமை எங்கிருந்து வருகிறது, குளம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும். "இது எவ்வளவு பழசு?" என்ற கேள்வியை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். அம்மாவோ மாமியாரோ கூட இருந்தால், திருகையில் உளுந்து உடைத்த கதையை அவர்களைச் சொல்லச் சொல்லி நீங்கள் மொழிபெயர்த்துக் கொடுங்கள். கல்லைப் பற்றி இரண்டு பக்கத்துக்கும் பேச நிறைய இருக்கும்.

சாப்பாட்டுக்கு டீயும் கேக்கும் கிடைக்கும், சில நாட்களில் விறகு அடுப்பில் பீட்சாவும் போடுகிறார்கள். அரைப்பு நேரத்தைக் கேட்கும்போதே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவை என்ன செய்வது

இங்கே அரைத்த மாவு விற்பனைக்கு இருந்தால் வாங்குங்கள். மில்லைப் பராமரிப்பதற்கும் அது ஒரு உதவி. முழுக் கோதுமை மாவு என்பதால் முளையின் எண்ணெய்ப் பசை அதில் அப்படியே இருக்கும். அதனால் கடை மைதாவைப் போல மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க முடியாது, சிக்கு வாடை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

சப்பாத்தி போடலாம், ஆனால் வழக்கமான ஆட்டா அளவுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஆட்டா கெட்டியான கோதுமையை இறுக்கமாக, மிக நைசாக அரைத்தது, அதனால் நிறையத் தண்ணீர் குடிக்கும். இந்த மாவு கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கும், தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். குறைவாக ஊற்றிப் பிசைந்து, அரை மணி நேரமாவது மூடி வைத்துவிட்டு, அப்புறம் தேவைப்பட்டால் கை நனைத்துப் பிசையுங்கள். ஓரம் விரிசல் விட்டால் சல்லடையில் ஒரு தடவை சலித்துப் பெருந்தவிட்டை எடுத்துவிடலாம். என்னைக் கேட்டால் இதற்குச் சரியான பலகாரம் கோதுமைப் புட்டு: மாவை வாணலியில் வாசனை வரும் வரை வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, தேங்காய்ப் பூ போட்டு அவித்தால், கல்லில் அரைத்த கொரகொரப்பு அப்படியே நாக்கில் தெரியும்.

நேரம் மிச்சமிருந்தால் இந்தக் கதையின் தொடர்ச்சியை நகரத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம். ஹேண்ட்ஸ்வொர்த்தில் போல்ட்டன் வாழ்ந்த சோஹோ ஹவுஸ் இருக்கிறது. திங்க்டேங்க் அறிவியல் அருங்காட்சியகத்தில், போல்ட்டன்–வாட் நிறுவனம் செய்து 1779-இல் ஓடத் தொடங்கிய ஸ்மெத்விக் இயந்திரம் நிற்கிறது, கால்வாய் மதகுகளில் இறங்கிப்போன தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவதற்காகச் செய்த நீராவி இயந்திரம் அது. நகரத்தில் மிஞ்சியிருக்கும் இன்னொரு தண்ணீர் மில் சட்டன் கோல்ட்ஃபீல்ட் பக்கம் இருக்கும் நியூ ஹால் மில். அது தினமும் திறப்பதில்லை, குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும்தான். அந்தத் தேதியை முதலில் பிடித்துக்கொண்டு சேர்ஹோல் பயணத்தை அதற்கு ஒட்டி வையுங்கள்.